நூறு கிலோவுக்கு மேல்

— வயசுப் பிரிவு மட்டும் வேணாம் மச்சான். நாப்பத்தஞ்சுலேர்ந்து அம்பது வரைக்கும்... அந்த வயசுலதான் வெறி பிடிச்சவனுங்க எல்லாம் இருக்கானுங்க.

— யாரு சொன்னா?

— யாரு சொல்லணும்? நம்ம நீச்சல் குளத்துக்கு ஒரு பல் டாக்டர் வர்றாரே. கால்ல இருக்கற முடியை எல்லாம் வழிச்சுட்டு. தண்ணியில சறுக்கிட்டுப் போகணுமாம்.

— அவரு சைக்கிள் விலைக்கு என் டிரைவிங் ஸ்கூல் காரையே வாங்கிடலாம் மாப்ள.

— அதான் சொல்றேன். எல்லாரையும் ஒரே நேரத்துல ஏரிக்குள்ள விடுவாங்க. அவர் பின்னாடி நான் போயி, அவர் விட்ட உதை என் மூஞ்சியில பட்டு, அப்புறம் அவருகிட்டயே போயி பல்லு கட்டிக்கணும்.

— சரி, வயசுப் பிரிவு போச்சு. ஆனா இன்னைக்கு சாயங்காலத்தோட போட்டிக்குப் பதிவு முடியுது. ரெண்டு பேரும் எந்தப் பிரிவுல சேர்றோம்னு முடிவு பண்ணாம நான் உன் கடையை விட்டு எழுந்திரிக்கறதா இல்ல.

— முதல்ல எழுந்திரி. நீ உக்காந்திருக்கறது செம்புக் கம்பி மூட்டை.

— அதான் குத்துதா! பழைய இரும்புக் கடைன்னா ஒரு உருப்படியான நாற்காலி கூடவா இருக்காது?

— உருப்படியா இருந்தா எதுக்கு இங்க வருது? அந்த அட்டைக் கட்டு மேல உக்காரு. தாங்கும்.

— ஒரு பீரோவைத் தாங்கும். ரெண்டு பீரோவைத் தாங்குமா?

— அந்தப் பேரை நீ இன்னும் விடலையா?

— எப்படி விடறது? பள்ளிக்கூடத்துல நாம ரெண்டு பேரும் வாசல்ல நின்னா, 'அந்த ரெண்டு பீரோவையும் நகத்துங்கடா, காத்து வரட்டும்'னு சொல்லுவாரே கணக்கு வாத்தியாரு. அப்புறம் ஒரு பீரோ இன்னொரு பீரோவோட தங்கச்சியையே கட்டிக்கிச்சு.

— கட்டிக் குடுத்தது யாரு?

— நான்தான். அந்த ஒரு தப்புக்குத்தான் நாளு தவறாம உன் மூஞ்சியைப் பாத்துட்டிருக்கேன். ஆமா... வெளிய வெயில் பொளக்குது. நீ என்ன மழைக் கோட்டு போட்டுட்டு உக்காந்திருக்க?

— துரு மச்சான். காத்துல பறக்குது. சட்டையெல்லாம் நாசமாயிடுது.

— இத்தனை வருஷமா பறக்காத துருவா?

— நீ போனைப் பாரு. அடுத்தது என்ன பிரிவு?

— இந்தா, நீயே பாரேன்.

— கண்ணாடியை எங்கயோ வச்சுட்டேன். நீ படி.

— கண்ணாடி உன் தலை மேல இருக்கு.

— இது... தூரத்துக்கு. நீ படி.

— சரி, கேளு. பெரிய தூரம் நமக்கு இல்ல, அதை விட்டுடு. குட்டி தூரம். முதல்ல ஏரியில நீச்சல், ஈரத்தோட வெளிய வந்து சைக்கிள், சைக்கிளைப் போட்டுட்டு ஓட்டம். இதுல வயசுப் பிரிவு ஒண்ணு. ரிலே ஒண்ணு. முதல் தடவை வர்றவங்களுக்கு ஒண்ணு. அப்புறம்... அன்னைக்கு நான் சொன்னேன்ல, எடைப் பிரிவு. அது ஒண்ணு.

— ரிலேன்னா ஒருத்தர் நீந்தி, ஒருத்தர் மிதிச்சு, ஒருத்தர் ஓடறதுதான?

— ஆமா.

— அதுல போடு. நீ நீந்து, நான் சைக்கிள். ஓட்டத்துக்கு உன் தங்கச்சியைப் போடு. பால் பொங்கற சத்தம் கேட்டா அவ ஓடற ஓட்டத்தைப் பாத்திருக்கியா? எந்த டாக்டரும் கிட்ட வர முடியாது.

— விளையாடாத. முழுசா முடிக்கணும்னு சொன்னது யாரு? போன வருஷக் கடைசியில என் ஆபீஸ் வாசல்ல வந்து நின்னு, 'மச்சான், டிரையத்லான் போலாமா'ன்னு கேட்டது யாரு? நான் ஏதோ படம்னு நினைச்சு, எத்தனை மணி காட்சின்னு கேட்டேன்.

— நான்தான் கேட்டேன். இப்ப என்ன, ரிலேல போனா மட்டும் மெடல் குடுக்க மாட்டானா?

— மூணும் நாமளே பண்ணணும்னு சொன்ன. முடிக்கற இடத்துல ரெண்டு பேரும் சேந்து காலை வைக்கணும்னு சொன்ன. போட்டோவுக்கு எப்படி நிக்கணும்னு கூட சொன்ன. அப்படிச் சொன்னவன் இப்ப மூணுல ஒண்ணு போதுங்கற.

— அப்ப இருந்த உடம்பு வேற மச்சான்.

— என்ன வேற?

— வேற ஒண்ணும் இல்ல... ஒரு பேச்சுக்குச் சொன்னேன். இருங்க, இருங்கம்மா! அந்த பேப்பர் கட்டை அப்படியே தராசுல வைக்காதீங்க. நடுவுல விரலை விட்டுப் பாருங்க. ஈரம். நான் சொல்லலம்மா, உங்க விரல் சொல்லும்... வெயில்ல காய வச்சு எடுத்துட்டு வாங்க, நல்ல விலை போட்டுத் தர்றேன். கோவிச்சுக்காம போங்க... ம், என்ன கேட்ட?

— பாக்காமலே எப்படிடா ஈரம்னு சொன்ன?

— கட்டைப் பாக்க வேணாம் மச்சான், தூக்கிட்டு வர்றவங்க தோளைப் பாத்தா போதும். அந்த அளவு கட்டுக்கு அந்தத் தோளு அவ்வளவு இறங்கக் கூடாது. தண்ணி தெளிப்பாங்க, தகர டப்பாவுல மண்ணை ரொப்பி வாயை நசுக்குவாங்க, பேட்டரிக்குள்ள கல்லு போடுவாங்க. எல்லாம் அரைகுறை வேலை. பாத்தாலே தெரியும்.

— நீ செஞ்சா முழு வேலையா இருக்கும்?

— நான் செஞ்சா உலகத்துல எவனும் கண்டுபிடிக்க முடியாது. முதல்ல, இரும்போட இரும்பு மோதக் கூடாது. ஒவ்வொண்ணையும் துணியில சுத்தணும். ரெண்டாவது, ரெண்டு பக்கமும் சமமா இருக்கணும், ஒரு பக்கம் சாயக் கூடாது. சத்தமும் சாய்வும் இல்லன்னா தராசுக்கு எல்லாமே ஒண்ணுதான். அது என்ன கேள்வியா கேக்கப் போகுது?

— கேள்வி நான் கேப்பேன்ல.

— நீ எதுக்கு?

— என் தொழிலும் அதுதானடா. பக்கத்து சீட்ல உக்காந்து, என் பக்கத்துப் பிரேக்கு மேல காலை வச்சுட்டே இருக்கணும். ஓட்டறவங்க 'பயமே இல்ல சார்'னுதான் சொல்லுவாங்க. ஸ்டியரிங்கைப் பிடிச்சிருக்கற கையைப் பாத்தா தெரிஞ்சுடும்.

— ம்.

— என்ன ம்?

— ஒண்ணும் இல்ல. முதல் தடவை வர்றவங்க பிரிவைப் படி. அதுல என்ன போட்டிருக்கு?

— எல்லாரையும் விட்டப்புறம் கடைசியா விடுவாங்களாம். தனியா பச்சைத் தொப்பி. படகு ரெண்டு கூடவே வரும். மூச்சு வாங்கினா படகைப் பிடிச்சுட்டு நிக்கலாம், தப்பில்ல.

— இதுதான் மச்சான் நம்ம பிரிவு! பின்னாடி யாரும் துரத்த மாட்டாங்க. கடைசியா வந்தாலும், கடைசியா விட்டாங்க, அதான் கடைசின்னு சொல்லிக்கலாம். போடு.

— இரு, எடைப் பிரிவையும் கேளு.

— அதுதான் அன்னைக்கே சொன்னியே.

— சொன்னேன், நீ காதுலயே வாங்கல. நூறு கிலோவுக்கு மேல இருக்கற ஆம்பளைங்களுக்குத் தனிப் பிரிவு. ஒல்லிக்குச்சிங்க கூட நாம எதுக்கு மோதணும்? நமக்குச் சமமான ஆளுங்களோட நாம போறோம். நியாயம்தான?

— நியாயம்தான். அதுல எத்தனை பேரு சேந்திருக்காங்க இதுவரைக்கும்?

— அது... இதுல காட்டல.

— காட்டலையா. மத்ததுக்கு எல்லாம் காட்டுதா?

— மத்ததுக்கும்... காட்டல. யாருக்கும் காட்டல.

— ஓ. கப்பு உண்டா?

— உண்டு. மூணு பேருக்கு. நாமளே ரெண்டு பேரு, மாப்ள. இன்னும் ஒரு பீரோ வந்தாலும் நமக்குக் கப்பு நிச்சயம்.

— எவ்வளவு பெரிய கப்பு?

— அதையெல்லாமா போடுவாங்க? பெரிசாத்தான் இருக்கும். பெரிய ஆளுங்களுக்குக் குடுக்கறது.

— உனக்கு ஏன் இப்படி வேர்க்குது?

— உன் கடை தகரக் கூரைடா. ஒரு ஃபேன் கூட இல்ல. அதெல்லாம் விடு, ஒண்ணே ஒண்ணுதான். போட்டி அன்னைக்குக் காலைல எடை பாப்பாங்களாம். நூறுக்குக் கீழ இருந்தா வெளிய அனுப்பிடுவாங்க. அதனால இப்பவே ஒரு தடவை பாத்துட்டா நல்லது.

— எப்பவே?

— இப்பவே. எதிர்லயே இருக்கு தராசு. நான் நேத்து மெடிக்கல் கடையில ஏறினேன், நூத்தியெட்டு. பிரச்சினை இல்ல. நீ?

— நானும் அந்தப் பக்கம்தான் இருப்பேன்.

— எந்தப் பக்கம்?

— நூறுக்கு அந்தப் பக்கம். போன வருஷம் நூத்திப் பன்னெண்டு இருந்தேன்ல, பயிற்சியில கொஞ்சம் குறைஞ்சிருக்கும்.

— எந்தப் பயிற்சி?

— என்ன மச்சான் இப்படிக் கேக்கற? வாரா வாரம் உன் கூடத்தான வர்றேன்.

— என் கூட வர்ற. பாதியில நிக்கற. போன வாரம் பாலத்து ஏத்தத்துல சைக்கிளை நிறுத்திட்டு, செயின் கழண்டுச்சுன்ன.

— கழண்டுச்சு.

— கழலல. உன் கை வெள்ளையா இருந்துச்சு. செயினை மாட்டினவன் கை எப்படிடா வெள்ளையா இருக்கும்?

— துடைச்சிருப்பேன்...

— அதை விடு. நீச்சலுக்கு வா. நீ எப்படி மிதப்ப? கையைக் காலை ஆட்டாமலே கட்டை மாதிரி மல்லாந்து கெடப்ப. குளத்துல குழந்தைங்க எல்லாம் உன்னைப் பிடிச்சுட்டுத்தான் நீச்சல் கத்துக்கிச்சு. இப்ப என்னடான்னா, கையை விட்டா கீழ போற. கோச்சு பொண்ணு என்கிட்ட தனியா கேக்குது, 'அங்கிள், அவரு ஏன் சட்டையோட இறங்கறாரு?'ன்னு.

— வெயில்ல தோல் கருக்குதுன்னு...

— குளத்துக்கு மேல கூரை இருக்குடா.

— எனக்கு ரிலேதான் சரின்னு தோணுது மச்சான்.

— இரு, போன்... ம், சொல்லும்மா... கடையிலதான் இருக்கேன்... இல்ல... இன்னும் இல்ல... பாத்துட்டுக் கூப்பிடறேன்... நீ ஒண்ணும் யோசிக்காத... சாப்பிட்டியா நீ? போய்ச் சாப்பிடு முதல்ல. வை.

— உன் தங்கச்சியா?

— ம்.

— எதை 'இன்னும் இல்ல'ங்கற?

— பதிவுதான். இன்னும் பண்ணலன்னு சொன்னேன். அவ ஆசையா கேக்கறா.

— அவளுக்கு எதுக்கு இந்த ஆசை எல்லாம்? நான் நீந்தறதையே வந்து பாத்ததில்ல.

— மாப்ள, பேச்சை வளக்காத. தராசுல ஏறு.

— அது இரும்பு நிறுக்கற தராசுடா. மனுஷன் ஏறினா சரியாக் காட்டாது.

— எப்பலேர்ந்து? போன வருஷம் நீயும் நானும் இதுல ஏறி, யாரு ஜாஸ்தின்னு பந்தயம் கட்டல? ஜெயிச்ச திமிருல ஒரு மாசம் ஆடினியே.

— அப்ப வேற...

— வேற, வேற, வேற. காலைலேர்ந்து இதையேதான் சொல்ற. ஏறிடு. நூறு காட்டினா எடைப் பிரிவு. காட்டலன்னா நீ சொல்ற பச்சைத் தொப்பி. ஒரு நிமிஷ வேலை. அதுக்கு எதுக்கு இவ்வளவு யோசனை?

— ஏறிட்டா அப்புறம் இதைப் பத்திப் பேச மாட்டியே?

— பேச மாட்டேன்.

— உன் தங்கச்சி மேல சத்தியமா?

— அவளை இதுல இழுக்காத. ஏறு.

— ...சரி. இந்தா. ஏறிட்டேன். போதுமா? என்ன காட்டுது?

— ஆடாம நில்லு, நம்பர் ஓடுது... நூத்தி ஒண்ணு... நூத்தி ஒண்ணரை.

— பாத்தியா? நான்தான் சொன்னேன்ல! நீயா ஏதேதோ கற்பனை பண்ணிட்டு... போடு எடைப் பிரிவு. கப்பை உங்க வீட்டு டிவி மேல வை, எங்க வீட்ல இடம் இல்ல. இறங்கட்டுமா?

— இரு. என்ன சத்தம் அது?

— எது?

— நீ அசையும்போது. 'ணங்'குன்னு.

— சாவிக்கொத்து.

— சாவிக்கொத்து மேஜை மேல இருக்கு மாப்ள. கோட்டு ஏன் ஒரு பக்கமாத் தொங்குது?

— பழைய கோட்டு. தையல் விட்டிருக்கும்...

— நான் கையை விட்டுப் பாக்கவா, நீயே எடுக்கறியா?

— மச்சான்... வேணாம்.

— எடுடா.

— ...இந்தா. பேரிங்கு. லாரிச் சக்கரத்துது.

— இன்னொண்ணு?

— இந்தா.

— பேண்ட் பாக்கெட்டு?

— அது ஈயம். உருக்கினப்போ மிச்சமான கட்டி... இந்தா, பிடி. பாத்து, கால்ல போட்டுக்காத.

— கோட்டைக் கழட்டு.

— உள்ள ஸ்வெட்டர் இருக்கு.

— அதையும் கழட்டு.

— அதுக்குள்ள ரெண்டு சட்டை இருக்கு. வெங்காயம் மாதிரி உரிச்சுட்டே இருக்கப் போறியா? வெங்காயத்தை உரிச்சா கடைசியில ஒண்ணும் இருக்காது மச்சான்... உரிக்கறவன்தான் அழுவான்னு சொல்லுவாங்க. நீ எதுக்கு அந்தப் பக்கம் திரும்பற?

— திரும்பல. ஏறி நில்லு.

— நின்னுட்டேன். நம்பரைச் சொல்லு.

— நீயே கண்ணாடியை இறக்கிப் பாரு.

— வேணாம். நீ சொல்லு.

— எண்பத்தெட்டு.

— ...நேத்து எண்பத்தொம்போது இருந்துச்சு.

— நேத்தா?

— தினம் ஏறி நிப்பேன். கடையைச் சாத்திட்டு, ஷட்டரை பாதி இறக்கிட்டு. முதல்ல தராசு கெட்டுப் போச்சுன்னு நினைச்சேன் மச்சான். எடைக்கல்லு எல்லாத்தையும் ஏத்தி சரி பாத்தேன். கல்லு சரியாக் காட்டுது. நான் ஏறினாத்தான் குறையுது.

— எப்பலேர்ந்து?

— டிரையத்லான் போலாமான்னு உன் ஆபீஸுக்கு வந்தேன்ல... அதுக்குக் கொஞ்சம் முன்னாடியிலேர்ந்து.

— அப்ப அது...

— இளைச்சா எல்லாரும் ஏன்னு கேப்பாங்க. நீந்தறேன், ஓடறேன், அதான் இளைக்கறேன்னு சொன்னா, 'பரவால்லயே'ன்னு முதுகுல தட்டிட்டுப் போயிடுவாங்க. எல்லாரும் அப்படித்தான் பண்ணாங்க. எதிர்க்கடைக்காரரு என்கிட்ட டயட் கேட்டாரு மச்சான். எழுதிக் குடுன்னாரு.

— என்ன குடுத்த?

— காலைல வெந்நின்னு சொன்னேன். வேற என்ன சொல்றது?

— சிரிக்காத. டாக்டர்கிட்ட போனியா?

— வாசல் வரைக்கும் போனேன். ரெண்டு தடவை. டோக்கன் குடுக்கற பொண்ணு, 'உங்களுக்கா சார்'னு கேட்டுச்சு. இல்ல, சும்மா டாக்டர் எத்தனை மணி வரைக்கும் இருப்பாருன்னு கேக்க வந்தேன்னு சொல்லிட்டுத் திரும்பிட்டேன்.

— ஏண்டா?

— எங்கப்பாவை உனக்கு ஞாபகம் இருக்கா?

— நல்லா. நம்மளை விடப் பெரிய பீரோ.

— அவருக்கு முதல்ல செருப்பு பெரிசாச்சு. நடந்தா கழண்டு கழண்டு போகும். புதுசு வாங்கிக் குடுத்தேன். அதுவும் பெரிசாச்சு. அப்புறம் மோதிரம். 'ஒண்ணும் இல்லடா, வெயில்'னாரு. ஒரு நாள் கூட்டிட்டுப் போயி பரிசோதனை பண்ணோம். பரிசோதனை பண்ண வரைக்கும் நடந்துட்டு இருந்தவரு மச்சான். வியாதி பேரு தெரிஞ்ச நாள்லேர்ந்து படுத்தவருதான்.

— பேரு தெரிஞ்சதால படுக்கலடா. லேட்டா தெரிஞ்சதால படுத்தாரு.

— புத்திக்குத் தெரியுது. காலுக்குத் தெரியல. வாசல்லயே திரும்பிடுது.

— ம்... எல்லாருக்கும் அப்படித்தான். எங்கிட்ட வண்டி கத்துக்க வர்றவங்கள்ல பாதிப் பேரு, எதிர்ல லாரி வந்தா கண்ணை மூடிக்குவாங்க. மூடினா லாரி போயிடும்னு.

— அப்ப நீ என்ன பண்ணுவ?

— திட்ட மாட்டேன். என் பக்கத்துப் பிரேக்கை மெதுவா அமுக்குவேன். வண்டி நின்னப்புறம், இப்பக் கண்ணைத் திறங்கன்னு சொல்லுவேன்.

— ...அவளுக்குத் தெரியக் கூடாது மச்சான்.

— யாருக்கு?

— உன் தங்கச்சிக்கு. நான் மெதுவா சொல்லிக்கறேன். பெல்ட்டுல ஓட்டை போட்டதைக் கூட ஒளிச்சு வச்சிருக்கேன்.

— ஆணியால குத்தியிருக்க. கோணல் மாணலா, மூணு ஓட்டை.

— உனக்கு எப்படித்...

— அவதான் சொன்னா. முதல் ஓட்டையிலேயே பாத்துட்டா.

— என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலையே!

— நீ ஒரு வார்த்தை சொன்னியா? போன ஞாயித்துக்கிழமை உங்க வீட்டுக்கு வந்தேன்ல, நீ குளிச்சுட்டு இருந்த. அவ உன் சட்டையை எல்லாம் பரப்பி வச்சுட்டு, பக்கவாட்டுல பிடிச்சு தையல் போட்டுட்டு இருந்தா. ஒவ்வொரு சட்டையா. என்னம்மா பண்றன்னு கேட்டேன். 'அவருக்கு சட்டை தொளதொளன்னு ஆனா பயந்துடுவாருண்ணா. கொஞ்சம் கொஞ்சமா பிடிச்சுட்டு வர்றேன்'ங்கறா.

— அதான்... அதான் சட்டை சரியா இருந்துச்சா.

— என்ன?

— பேண்ட்டு தளருது. மோதிரம் கழண்டு விழுது. ஆனா சட்டை மட்டும் அப்படியே இருக்கு. காலைல போட்டுட்டு கண்ணாடி முன்னாடி நிப்பேன். தோளுல சரியா நிக்கும். அப்ப ஒண்ணும் இல்ல, தராசுதான் ஏதோ பண்ணுதுன்னு நினைச்சுக்குவேன். அந்த சட்டையைப் பிடிச்சுட்டுத்தான் மச்சான் நாளை ஓட்டிட்டு இருந்தேன்.

— ரெண்டு பேரும் நல்லா குடும்பம் நடத்தறீங்கடா.

— அழுதாளா?

— அழுதிருந்தா எனக்குப் பரவால்ல. ஊசியில நூல் கோத்துக் குடுண்ணா, கண்ணு தெரியலன்னு சொன்னா. அவ்வளவுதான். நாளைக்குக் காலைல டாக்டர்கிட்ட நேரம் வாங்கியாச்சு. உன் பேருலயே. டோக்கன் பொண்ணு கேட்டா, 'ஆமா, எனக்குத்தான்'னு சொல்ற. நான் ஒரு பக்கம், அவ ஒரு பக்கம். உன் காலு எந்தப் பக்கம் திரும்புதுன்னு பாக்கறேன்.

— ஏதாவது சொல்லிட்டாங்கன்னா?

— சொல்லட்டும். சாதாரண சக்கரையா இருக்கலாம். வேற எதுவாவும் இருக்கலாம். எனக்குத் தெரியாது, உனக்கும் தெரியாது. ஒண்ணும் இல்லன்னு நான் வாய்க்கு வந்ததைச் சொல்ல மாட்டேன்.

— நீ சொல்ல மாட்டன்னுதான் பயம்.

— பயப்படு. பயந்துட்டே வா. நானும் பயந்துட்டுத்தான் வரப் போறேன்.

— ...சரி.

— சரின்னா?

— சரின்னா சரிடா. வர்றேன். அந்தக் கோட்டை எடு, குளுருது.

— இந்த வெயில்லயா... இந்தா, போட்டுக்க. பேரிங்கு இல்லாம போட்டுக்க.

— போட்டி என்ன ஆகறது?

— முதல் தடவை வர்றவங்க. ரெண்டு பேரையும் அதுல போட்டுடறேன். டாக்டர் சரின்னு சொன்னா பச்சைத் தொப்பியை மாட்டிட்டு இறங்கலாம். வேணாம்னு சொன்னா உக்காந்து வேடிக்கை பாப்போம். அடுத்த வருஷம் போனாலும் நாம முதல் தடவைதான், யாரும் அதைப் பறிக்க முடியாது.

— அப்ப எடைப் பிரிவு? நீயாவது அதுல போலாமே. நூத்தியெட்டு இருக்க. கப்பு நிச்சயம்னியே.

— மாப்ள... அது வந்து... ஒண்ணு சொல்லணும் உன்கிட்ட. கோவிச்சுக்கக் கூடாது.

— சொல்லு.

— இந்தப் போட்டியில எடைப் பிரிவுன்னு ஒண்ணு கிடையாது. வெளிநாட்டுல எங்கயோ வச்சிருக்காங்கன்னு கேள்விப்பட்டேன். உன்னை அந்தத் தராசுல ஏத்தறதுக்கு எனக்கு வேற வழி தோணல.

— தெரியும்.

— என்ன தெரியும்?

— இல்லன்னு தெரியும். நீ முதல் தடவை சொன்ன அன்னைக்கே மேலேர்ந்து கீழ வரைக்கும் படிச்சுப் பாத்துட்டேன். கிட்டத்துக்கும் எனக்கு இதே கண்ணாடிதான் மச்சான்.

— அடப்பாவி! அப்ப எத்தனை பேரு சேந்திருக்காங்க, கப்பு எவ்வளவு பெரிசுன்னு கேட்டதெல்லாம்...

— நீ எது வரைக்கும் போவன்னு பாத்தேன். மூணு கப்பு வரைக்கும் போன.

— எனக்கு முதுகெல்லாம் வேர்த்துப் போச்சுடா... இரு, இரு. இல்லாத பிரிவுன்னு தெரிஞ்சே வச்சிருக்க, அப்புறம் எதுக்கு இந்தப் பேரிங்கும் ஈயமும்? ஏற மாட்டேன்னு ஒரே வார்த்தை சொல்லியிருக்கலாமே. அதுவும் உன்னை மாதிரி ஆளு, ரெண்டு பேரிங்கையும் ஒரே பாக்கெட்டுல, ஊருக்கே கேக்கற மாதிரி ஆட்டிட்டா ஏறுவான்? நான் செஞ்சா எவனும் கண்டுபிடிக்க முடியாதுன்னு இப்பத்தான அளந்த?

— வாயால சொல்ல வரல மச்சான்... மறைக்கணும்னு இருந்தா துணியில சுத்தியிருப்பேன்.